வாசிக்க முடியாத எழுத்து: புளோரன்ஸ் நகரின் கூடங்களும் சதுக்கங்களும்

இத்தாலியிலிருந்து திரும்பி வந்த கிழமை ஆசிரியர் ஓய்வறையில் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "என்ன டீச்சர், உம்றாவுக்குப் போற காசிலயா செல பாக்கப் போன நீங்க?" பகிடிக்குத்தான் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டிக்கட் காசு என் நானாவுடையது என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். ஆனால் கேள்வி அப்படியே கிடக்கிறது. உருவம் வரைவதையும் சிலை செதுக்குவதையும் மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்று மத்ரஸாவில் ஓதி வளர்ந்த ஒருத்தி, சிலையும் படமும் நெருக்கியடித்து நிற்கிற ஒரு நகரத்தில் மூன்று நாள் என்னத்தைப் பார்த்தாள்? அதற்கு என்னால் முடிந்த பதிலை எழுதிப் பார்க்கிறேன். இது பயணக் கட்டுரை அல்ல. எங்கே சாப்பிட்டோம், எந்த ரயிலில் ஏறினோம் என்பவற்றை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

நானா 18 வருடமாகப் பொலோஞ்ஞாவில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறார். அங்கிருந்து புளோரன்ஸ் ரயிலில் ஒரு மணித்தியாலமும் இல்லை. அவருடைய மகள் அங்கே உயர்தர வகுப்புப் படிக்கிறாள். கலை வரலாறு அவளுக்குப் பாடம். "மாமிக்கு நான் காட்டுறன்" என்று அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று நாளும் அவள் ஆசிரியை, நான் மாணவி.

நான் போகும்போது இரண்டு கதைகளை ஒரே பையில் கொண்டு போனேன். ஒன்று, பாடசாலையில் மனனம் செய்தது: 1453இல் துருக்கியர் கொன்ஸ்தாந்திநோப்பிளைக் கைப்பற்றினார்கள், அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் ஏடுகளைத் தூக்கிக்கொண்டு இத்தாலிக்கு ஓடினார்கள், மறுமலர்ச்சி பிறந்தது. இந்தக் கதையில் முஸ்லிம்கள் ஒரேயொரு தடவை வாளோடு வந்துவிட்டுப் போகிறார்கள். மற்றது, நம் மீலாத் மேடைகளிலும் சில வேளை நம் சஞ்சிகைகளிலும் கேட்பது: ஐரோப்பாவிடம் இருப்பதெல்லாம் நம்மிடமிருந்து எடுத்தது. முதலாவது கதை நம்மை வெளியே நிறுத்துகிறது. இரண்டாவது கதை அங்கே போய்ப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிடுகிறது.

முதலாவது கதையை வெறும் ஆண்டுகளே உடைக்கின்றன. புளோரன்ஸ் பேராலயத்தின் மேல் புருனெல்லெஸ்கி எழுப்பிய மாபெரும் குவிமாடம் 1436இல் முடிந்துவிட்டது. கிபெர்த்தியின் பொற்கதவுகள் 1425இல் தொடங்கி 1452இல் முடிந்தன. நான் இனிச் சொல்லப்போகிற ஓவியம் 1423இல் வரையப்பட்டது. எல்லாமே 1453க்கு முந்தியவை. பரீட்சைக்கு எழுதிய பதிலுக்கு அன்று முழுப் புள்ளி கிடைத்தது என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

உஃபிஸி என்ற புகழ்பெற்ற கூடத்தின் பெயருக்கு அர்த்தம் கந்தோர்கள். 1560இல் முதலாம் கோசிமோ தன் நிர்வாகக் கந்தோர்களை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர வசாரியைக் கொண்டு கட்டத் தொடங்கிய கட்டடம். மெதிச்சி குடும்பம் சேர்த்த ஓவியங்களும் சிலைகளும் மேல்மாடிக்கு வந்தன. குடும்பத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா 1737இல், இவை இந்த நகரத்தை விட்டுப் போகக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதி வைத்தார். ஒரு பெண் எழுதிய அந்தக் கடதாசி இல்லையென்றால் இன்றைக்குப் புளோரன்ஸில் பாதி இருக்காது.

ஆரம்ப அறைகளில் ஒன்றில் மூன்று பெரிய பலகை ஓவியங்கள். சிமாபுவே, துச்சியோ, ஜொத்தோ ஆகிய மூவரும் வரைந்த, அரியணையில் குழந்தையோடு அமர்ந்த மர்யம் (அலை) அவர்களின் உருவங்கள். வாசலில் கால் தயங்கியது. மருமகள் உள்ளே போய்விட்டாள். நான் நின்று பார்த்தேன். மெழுகுதிரி இல்லை. சாம்பிராணி இல்லை. சனம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மூலையில் ஈரப்பதம் அளக்கும் ஒரு சின்னக் கருவி. இவை மூன்றும் மூன்று தேவாலயங்களில் வணக்கத்துக்கென்று இருந்தவை, அங்கிருந்து கழற்றிக்கொண்டு வந்து இங்கே மாட்டப்பட்டவை என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் கூடம் என்பது என்ன செய்கிறது? வணங்கப்பட்டதைப் பார்க்கப்படுவதாக மாற்றிவிடுகிறது. என் தயக்கத்தை அந்தக் கட்டடம் எனக்கு முன்பே தீர்த்து வைத்திருந்தது. உள்ளே போனேன்.

அப்போதுதான் ஒரு வயதான பெண் ஜொத்தோவின் ஓவியத்துக்கு முன்னால் நின்று நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளமிட்டதைக் கண்டேன். காவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அந்த அறையில் அந்த ஓவியத்தை அது வரையப்பட்ட பாஷையில் வாசித்தவர் அவர் மட்டும்தான் என்று பட்டது. நாங்கள் எல்லாரும் வண்ணத்தைப் பார்த்தோம், தங்கத்தைப் பார்த்தோம்.

ஜெந்திலே தா ஃபாப்ரியானோ என்பவர் வரைந்த 'ஞானியர் வணக்கம்' வேறோர் அறையில். அந்நாளில் நகரின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான பல்லா ஸ்த்ரோஸ்ஸி தன் குடும்பச் சிற்றாலயத்துக்காகச் செய்வித்தது. மூன்று மீற்றர் அளவு உயரம். கீழ்த்திசையிலிருந்து வந்த மூன்று அரசர்களும் அவர்களது பரிவாரமும். குதிரைகள், குரங்குகள், ஒட்டகங்கள், பட்டு, சரிகை. ஒரு பெரிய கலியாண ஊர்வலத்தைப் பார்த்த மாதிரி. எனக்கு அதிகம் பிடிக்கவில்லை. வாங்கியவரின் செல்வத்தைக் காட்டுவதற்கென்றே வரைந்தது போலக் கண்ணைக் கூசியது. திரும்பப் போகையில் மருமகள் கையைப் பிடித்தாள்.

"மாமி, தலைக்குப் பின்னால பாருங்க. அரபு."

மர்யம் (அலை) அவர்களின் தலைக்குப் பின்னால் உள்ள ஒளிவட்டத்தில், தங்கத்தில் குத்திப் பதித்த எழுத்துகள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கிட்டப் போய்த் தலையை நீட்டினேன். காவலர் "சிஞ்ஞோரா" என்றார். ஓரடி பின்வாங்கி, வலமிருந்து இடமாக எழுத்துக்கூட்டத் தொடங்கினேன். அலிஃப் மாதிரி ஒன்று. லாம் மாதிரி ஒன்று. பிறகு இன்னுமொரு அலிஃப். சேர்த்தால் சொல் வரவில்லை. மறுபடி முயன்றேன். வரவேயில்லை.

"இது எழுத்தில்ல மாமி. எழுத்து மாதிரி."

விஷயம் இதுதான். எகிப்திலும் ஷாமிலும் மம்லூக்குகளின் காலத்தில் செய்யப்பட்ட, வெள்ளி பதித்த பித்தளைத் தட்டுகளும் பாத்திரங்களும் இத்தாலியின் வசதியான வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் விளிம்பைச் சுற்றி அரபு எழுத்து ஓடும், இடையிடையே பூவட்டம் வந்து எழுத்தைப் பிரிக்கும். ஜெந்திலேயின் ஒளிவட்டமும் அதே அமைப்புத்தான், பூவட்டம் உட்பட. 1421இல் லிவோர்னோத் துறைமுகத்தை விலைக்கு வாங்கிய புளோரன்ஸ், மறு வருடம் சுல்தான் பர்ஸ்பாயிடம் கெய்ரோவுக்கு இரண்டு தூதர்களை அனுப்பி வர்த்தக உரிமை கேட்டது. அதற்கு அடுத்த வருடம் இந்த ஓவியம்.

முதலில் எனக்கு வந்தது பெருமை. மறைத்து என்ன செய்ய? கத்தோலிக்க வணக்கப் படமொன்றில், மிகப் புனிதமான தலைக்குப் பின்னால், நம் எழுத்து. கொஞ்ச நேரத்தில் அது வேறாக மாறியது. அந்த ஓவியருக்கு இந்த எழுத்து என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதற்கும் அடையாளம் இல்லை. ஈஸா (அலை) அவர்கள் பிறந்த பூமியில் வழங்கும் எழுத்து என்பதால் அதற்கு ஒரு புனித மணம் இருப்பதாக அக்கால இத்தாலியர் எண்ணினார்கள் என்று ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். அவமதிக்கவில்லை, மாறாக உயர்ந்த இடத்தில் வைத்தார். ஆனால் வாசிக்கவில்லை.

இங்கே நம் பக்கத்து மிகையையும் சொல்ல வேண்டும். இதே காலத்தில் மசாச்சோ வரைந்த மற்றொரு மர்யம் படத்தின் ஒளிவட்டத்தில் கலிமா தலைகீழாக எழுதியிருப்பதாக ஒரு கூற்று உலவுகிறது. வட்ஸ்அப்பில் எனக்கும் வந்திருக்கிறது, "சுப்ஹானல்லாஹ், பகிருங்கள்" என்ற வரியோடு. கண்ணாடி வைத்து, சில கோடுகளைச் சேர்த்து, சிலவற்றை விட்டால்தான் அந்த வாசிப்புக் கிடைக்கும். நாம் விரும்புகிறோம் என்பதற்காக ஓர் ஓவியம் கலிமாச் சொல்லாது. ஜெந்திலே எழுத்தைப் பார்த்தார், அர்த்தத்தை விட்டுவிட்டார். நாங்கள் ஆசையைப் பார்க்கிறோம், எழுத்தை விட்டுவிடுகிறோம்.

அன்றிரவு தங்குமிடத்தில் படுத்துக்கொண்டு யோசித்தபோது நினைவுக்கு வந்தது நம் நாட்டு வரலாறு. 1283இல் யாப்பகுவையிலிருந்து முதலாம் புவனேகபாகு மன்னன் கெய்ரோவுக்கு, அதே மம்லூக் அரசுக்கு, ஒரு தூதுக்குழு அனுப்பினான். அதில் அல்ஹாஜ் அபூ உஸ்மான் என்ற முஸ்லிம் இருந்தார் என்று இலங்கை முஸ்லிம் வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடத் தவறுவதில்லை. தங்கப் பேழையில் வைத்துக் கொண்டுபோன மன்னனின் கடிதத்தை வாசிக்கக் கெய்ரோவில் ஒருவரும் இல்லை. தூதர் வாயால் சொல்லித்தான் விளங்கப்படுத்தினார். அந்தக் கெய்ரோ அரசவை இந்த எழுத்து என்ன சொல்கிறது என்று கேட்டது. கேட்டதால்தான் இலங்கையின் யானையும் முத்தும் மாணிக்கமும் கறுவாவும் அவர்களது வரலாற்று நூல்களில் ஏறின. இவ்வளவு காலமும் இதை அபூ உஸ்மான் பெயருக்காகவே வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன்.

அத்தோடு விட்டால் நியாயமில்லை. என் மூத்தம்மாவின் பெட்டகத்தில் அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்று இருந்தது. அவ மஃரிபுக்குப் பிறகு ராகம் போட்டு வாசிப்பா. இப்போது அது என்னிடம் இருக்கிறது. தமிழில் சிறப்புப் பட்டம் எடுத்த நான், குர்ஆனைத் தட்டுத் தடங்கலில்லாமல் ஓதும் நான், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை முழுதாக வாசிக்கத் திணறுகிறேன். பட்டுத் துணியில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு ஒளிவட்டம்தான்.

சதுக்கங்களுக்கு வருவோம். உஃபிஸியிலிருந்து வெளியே வந்தால் சிஞ்ஞோரியா சதுக்கம். கூடத்துக்குள்ளே சிலைகளுக்கு இலக்கம் இருக்கிறது, வரிசை இருக்கிறது. வெளியே அவை ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டு நிற்கின்றன. 1494இல் மெதிச்சிகளைத் துரத்திய நகரம், அவர்களது மாளிகையிலிருந்த தொனத்தெல்லோவின் ஜூதித் சிலையைத் தூக்கிக்கொண்டு வந்து அரச மாளிகை வாசலில் நிறுத்தியது. கொடுங்கோலனின் தலையை வெட்டும் ஒரு பெண். 1504இல் மிக்கலாஞ்சலோவின் தாவீதை எங்கே வைப்பது என்று ஒரு குழு கூடியது. லியொனார்தோவும் பொத்திச்செல்லியும் அதில் இருந்தார்கள். அங்கே அரச கட்டியக்காரர் ஒருவர், ஒரு பெண் ஆணைக் கொல்வது போன்ற உருவம் நகர வாசலில் நிற்பது சரியில்லை, அது வந்ததிலிருந்து நமக்கு எல்லாம் கெட்டுப்போகிறது என்ற கருத்தைச் சொன்னார். தாவீது வந்தார், ஜூதித்தை அப்புறப்படுத்தினார்கள். பிறகு வந்த மெதிச்சி ஆட்சியில், பக்கத்துத் திறந்த மண்டபத்தில் பெண்ணின் வெட்டிய தலையைத் தூக்கிப் பிடித்த செல்லினியின் பெர்சியஸும், பெண்ணைத் தூக்கிச் செல்லும் ஜம்பொலோஞ்ஞாவின் சிலையும் வந்து சேர்ந்தன. அதில் அந்தக் கட்டியக்காரருக்கு ஆட்சேபம் இருந்திருக்காது. மண்டபத்தின் படிகளில் இளைஞர்கள் ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருந்தார்கள்.

தாவீதைப் பற்றி நேர்மையாக எழுத வேண்டும். அசலை 1873இல் அக்கதேமியாக் கூடத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். சதுக்கத்தில் 1910 முதல் நிற்பது பிரதி. நான் இரண்டையும் கண்டேன். தாவூத் (அலை) நமக்கு நபி, ஸபூர் அருளப்பட்டவர். அந்தப் பெயரோடு ஆடையில்லாமல் நிற்கும் ஓர் உருவத்தை அவராக நினைக்க என் மனம் ஒப்பவில்லை, ஒப்பவும் தேவையில்லை என்று நினைக்கிறேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன், மருமகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் தாழ்த்திய கண்ணில் பட்டது வலது கை. தொடையோரம் தொங்கும் பெரிய கை, புறங்கையில் புடைத்த நரம்பு. கல் எறிவதற்கு முந்திய நிமிடம் அந்தக் கையில் இருந்தது. அக்கதேமியாவின் வெளிச்சத்துக்குக் கீழே சனம் அதை ஓர் உடம்பாக மட்டும் பார்க்கிறது. சதுக்கத்தில், அரச மாளிகை வாசலில், பிரதியாக நின்றாலும், எதிரிக்கு எச்சரிக்கை என்பது விளங்கிவிடுகிறது. அசலைவிடப் பிரதி அதிகம் பேசுகிறது என்று நான் சொன்னதை மருமகள் ஏற்கவில்லை. அவளுடைய ஆசிரியர் கேட்டால் புள்ளி குறைப்பாராம்.

அதே சதுக்கத்தில், நெப்தியூன் நீரூற்றுக்குக் கிட்ட, தரையில் வட்டமான ஒரு கல். துறவி சவொனரோலாவை 1498 மே 23இல் தூக்கிலிட்டு எரித்த இடம். அவர்தான் அதற்கு முந்திய வருடம் பெப்ரவரியில் இதே இடத்தில் கண்ணாடிகள், வாசனைப் பொருட்கள், இசைக்கருவிகள், புத்தகங்கள், படங்கள் எல்லாவற்றையும் குவித்து எரிக்க வைத்தவர். உருவத்தைப் பற்றிய சஞ்சலம் நமக்கு மட்டும் உரியது என்றிருந்தேன். அது இந்தச் சதுக்கத்தின் நடுவிலேயே நெருப்பாக எரிந்திருக்கிறது, இரண்டு தரம். நம் கிழக்கில் உம்மாமார் பாடிய கவிகளை ஒரு கட்டத்தில் வாய்க்குள்ளேயே விழுங்கச் செய்தோமே, அதை யாரும் எரிக்கவில்லை. எரித்திருந்தால் இப்படி ஒரு கல்லாவது பதித்திருப்போம்.

இரண்டாம் நாள் பேராலயத்துக்கு எதிரேயுள்ள ஞானஸ்நான மண்டபம். கிழக்கு வாசலில் கிபெர்த்தியின் கதவுகளின் பிரதி, அசல் பின்னாலுள்ள அருங்காட்சியகத்தில். பத்துத் தகடுகள், தங்கம் பூசிய வெண்கலம். இங்கே நிலைமை தலைகீழானது. ஆதம், நூஹ், இப்றாஹீம், யஃகூப், யூசுஃப், மூஸா, தாவூத், ஸுலைமான் (அலை). முதல் தடவையாக எனக்கு வாசிக்க முடிந்தது. யூசுஃப் நபியின் தகட்டில் தானியம் பங்கிடும் வட்டக் கட்டடம், கீழே சகோதரனின் மூட்டையில் அகப்படும் கிண்ணம். ஸூரா யூசுஃபில் வரும் அதே கட்டம். மருமகளுக்கு அந்தக் கதையை நான் சொன்னேன். அவள் அதைப் பார்வைக்கோணப் பாடமாக மட்டுமே படித்திருந்தாள்: கட்டடம் எப்படிப் பின்னோக்கிச் சுருங்குகிறது, தூரத்து ஆட்கள் எப்படித் தட்டையாகிப் போகிறார்கள் என்று.

அந்தப் பார்வைக்கோணத்தில்தான் நம் இரண்டாவது கதைக்கு வேலை இருக்கிறது. பஸறாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' லத்தீனுக்கும், 14ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழிக்கும் பெயர்க்கப்பட்டது. கிபெர்த்தி முதுமையில் எழுதிய குறிப்புகளின் மூன்றாம் பகுதி அந்த நூலிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துக்கொள்கிறது. ஜெந்திலே செய்யாததை கிபெர்த்தி செய்தார், வாசித்தார். ஆனால் வாசித்து வேறொன்று செய்தார். ஜெர்மானியக் கலை வரலாற்றாசிரியர் ஹான்ஸ் பெல்திங் 2008இல் வெளியிட்ட 'புளோரன்ஸும் பக்தாதும்' என்ற நூல் இதைத்தான் வாதிக்கிறது: இப்னுல் ஹைதமுக்கு அது ஒளியைப் பற்றிய, கண்ணைப் பற்றிய அறிவு. படம் வரைவது அவர் விஷயமே இல்லை. புளோரன்ஸ் அதைப் படத்துக்கான சட்டமாக ஆக்கியது. ஆகவே "எடுத்தார்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. எடுத்ததை அவர்கள் என்னவாக ஆக்கினார்கள், அதே நூலை நாம் நம் பக்கத்தில் என்ன செய்தோம் என்றும் கேட்க வேண்டும். பிந்திய கேள்விக்கு நம் மேடைகளில் நேரம் ஒதுக்குவதில்லை.

கடைசி நாள் காலை சந்தா குரோச்சே சதுக்கம். போகும் வழியில் தெருவோரம் பெல்ட்டும் படங்களும் விரித்திருந்த செனகல் இளைஞர்கள், என் முக்காட்டைக் கண்டு ஸலாம் சொன்னார்கள். ஒருவர் விரித்திருந்தது புருனெல்லெஸ்கியின் குவிமாடத்தின் அச்சுப் படங்கள். 2011 டிசம்பரில் இந்நகரின் தல்மாசியா சதுக்கத்தில் இவர்களைப் போன்ற இரண்டு செனகல் வியாபாரிகளைத் தீவிர வலதுசாரி ஒருவன் சுட்டுக் கொன்றான். எந்த வழிகாட்டிப் புத்தகமும் அந்தச் சதுக்கத்துக்குப் போகச் சொல்வதில்லை. நகரத்தின் படத்தை விற்கிறவர்களை நகரம் படமாகக்கூடப் பார்ப்பதில்லை.

சந்தா குரோச்சேயில் 1865இல் நிறுவிய தாந்தேயின் சிலை இப்போது தேவாலய முகப்போரம் நிற்கிறது. நகரம் அவரை 1302இல் நாடு கடத்தியது, அவர் ரவென்னாவில் மௌத்தானார். உள்ளே அவருக்குக் கட்டியிருக்கும் கல்லறை வெறுமையானது. அவருடைய காவியத்தின் 28ஆம் காண்டத்தில் நம் நபி (ஸல்) அவர்களையும் அலீ (ரழி) அவர்களையும் நரகத்தில் வைத்திருக்கிறார் என்பதை நாம் அறிவோம். அது நமக்கு ரணம், அதை இலக்கியம் என்று சொல்லித் தடவிக்கொடுக்க என்னால் முடியாது. அதே காவியத்தின் நாலாம் காண்டத்தில் ஸலாஹுத்தீனையும் இப்னு ஸீனாவையும் இப்னு றுஷ்தையும் வேதனையில்லாத இடத்தில் மதிப்போடு வைத்திருக்கிறார். 1919இல் ஸ்பானியப் பாதிரியார் அஸீன் பலாசியோஸ், காவியத்தின் பயண அமைப்பே மிஃராஜ் மரபிலிருந்து வந்தது என்று நூல் எழுதினார். மிஃராஜ் நூலொன்று 1264இல் லத்தீனுக்கு வந்திருந்ததும், அதன் பதிப்புகள் 1949இல் வெளியானதும் உண்மை. தாந்தே அதை வாசித்தார் என்பது நிரூபணமாகவில்லை. அல்லாமா இக்பால் பதிலை வேறு விதமாகக் கொடுத்தார், 'ஜாவீத் நாமா' எழுதி.

எனக்கு இவையெல்லாம் புத்தகச் செய்தி. மருமகளுக்கு வகுப்பறை. அந்தப் பகுதி வந்த அன்று ஆசிரியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, விருப்பமில்லையென்றால் அதை விட்டுவிடலாம் என்றாராம். நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார்.

"நீ என்ன செஞ்ச?"

"ஊட்டுல வந்து கதவச் சாத்திட்டு முழுக்க வாசிச்சன் மாமி. அழுக வந்திச்சி. அடுத்த நாள் போய், ஸலாஹுத்தீன ஏன் மேல வெச்சாரு எண்டு கேட்டன். அவருக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல."

"வாப்பாக்குத் தெரியுமா?"

"ஐயோ, சொல்லிராதீங்க."

இந்தச் சஞ்சிகை பொலோஞ்ஞாவுக்குப் போகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அவளைக் கண்டிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சரியாகச் சொன்னால், அவள் வயதில் எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்காது.

பிறகு பார்ஜெல்லோ. பழைய சிறைச்சாலை, இப்போது சிற்பக்கூடம். 1401இல் ஞானஸ்நான மண்டபக் கதவுக்காக நடந்த போட்டியின் இரண்டு வெண்கலத் தகடுகள் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன. போட்டிக்குக் கொடுத்த விஷயம் இப்றாஹீம் நபியின் குர்பான். இஸ்ஹாக்கா இஸ்மாயீலா என்ற நம் வேறுபாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பாருங்கள். புருனெல்லெஸ்கியின் தகட்டில் கத்தி கழுத்தில் பட்டுவிட்டது, பிள்ளை முறுகுகிறது, மலக்கு கையைப் பிடித்துத் தடுக்கிறார். கிபெர்த்தியின் தகட்டில் கத்தி பின்னால் ஓங்கியிருக்கிறது, பிள்ளையின் உடம்பு பழைய ரோமச் சிலை போல அழகாக நிமிர்ந்திருக்கிறது, மலக்கு இன்னும் வானத்தில் வந்துகொண்டிருக்கிறார். நடுவர்கள் கிபெர்த்தியைத் தெரிந்தார்கள். அவருடையது எடையும் குறைவு, வார்ப்பும் சுத்தம். கலை வரலாற்றில் அது சரியான தீர்ப்பாக இருக்கலாம். ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு புருனெல்லெஸ்கிதான் சரி. கிபெர்த்தியின் தந்தைக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. புருனெல்லெஸ்கியின் தந்தைக்கு அது முடிந்துவிட்டது, கை மட்டும்தான் பாக்கி. மலக்கு கையைப் பிடிக்காவிட்டால் அடுத்த கணம் இல்லை. இதை மருமகளிடம் சொன்னபோது குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டாள். மூன்று நாளில் அவள் என்னிடமிருந்து எழுதியது அது ஒன்றுதான்.

அதே கட்டடத்தில் இஸ்லாமியப் பொருட்களுக்கென்று ஓர் அறை உண்டு. கம்பளம், தந்தவேலை, பித்தளை. வெள்ளி பதித்த மம்லூக் காலத்துப் பாத்திரமொன்றைச் சுற்றி உண்மையான அரபு ஓடியது. இந்த முறை எழுத்துகள் சேர்ந்தன. "அல்..." என்று தொடங்கி இரண்டு மூன்று சொல் எழுத்துக்கூட்டினேன். "என்ன அர்த்தம்?" என்றாள் மருமகள். எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. அவளும் குனிந்து முயன்றாள், மஸ்ஜிதில் சனிக்கிழமை ஓதுகிற பிள்ளை, அவளுக்கும் வரவில்லை. பக்கத்தில் சின்னப் பிள்ளையொன்றைத் தோளில் வைத்திருந்த ஒரு மனிதர், எகிப்தியராக இருக்க வேண்டும், பாத்திரத்தைச் சுற்றி மெல்ல நடந்துகொண்டே சத்தமாக வாசித்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து இத்தாலிய மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னவாம்?" என்றேன்.

"பெரிசா ஒண்டுமில்லயாம் மாமி. ஆரோ ஒரு அமீருக்குப் பட்டம் பட்டமாப் போட்டிரிக்காம்."

இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேள் என்றேன்.